கிடங்குக்கு ஓர் உள்தாழ்ப்பாள்

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சத்தம் கேட்டது.

டிங்.

யாரோ மெல்லிய கொலுசோடு ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்ட மாதிரி. பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும், டிங். டிங்.

மாடியில் குடியிருந்த வீட்டுக்காரம்மாள் பாதிப் படி இறங்கி வந்து நின்றாள். கைப்பிடியை விடவில்லை.

"செலின், கீழ யாரும்மா நடக்கது?"

"யாருமில்லக்கா. இதுதான்."

செலின் கார் ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வந்தாள். அன்று காலையில்தான் சூளையிலிருந்து எடுத்தது. பச்சைக் கண்ணாடி போல மேல்பூச்சு மினுங்கியது. அவள் கையில் இருக்கும்போதே அது டிங் என்றது. வீட்டுக்காரம்மாள் ஒரு படி மேலே ஏறிக்கொண்டாள்.

"மண்ணைவிட மேல்பூச்சு கூடுதலாச் சுருங்குதுக்கா. அது இழுக்க சத்தம். ரெண்டு நாள்ல நின்னுரும்."

"சட்டி சுடும், சட்டி உடையும், கேட்டிருக்கேன். சட்டி பேசி நான் கேட்டதில்லம்மா."

ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. சிரித்தவர் தனுஷ்கோடி. பஸ்களில் ஏறி டிக்கெட் பரிசோதித்தே காலம் கழித்து, ஓய்வு பெற்றவர். மகள் வயதுள்ள செலினிடம் மண்பாண்டம் கற்க வந்து, இப்போது அவளுடைய மாணவர்களில் மூத்தவர். வயதிலும், கைத்திறனிலும்.

வீட்டுக்காரம்மாள் அந்தச் சிரிப்பைக் காதில் வாங்காத மாதிரி சொன்னாள்: "கார்த்திகைக்குள்ள வேற இடம் பாத்துக்கோம்மா. எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. தூங்க முடியாது, அவ்வளவுதான்."

அவள் மேலே போய்விட்டாள். தனுஷ்கோடி வெளியே வந்தார்.

"காரணத்தைத்தான் விளக்கமாச் சொல்லியாச்சே டீச்சர். இன்னும் என்ன பயம் அந்த அம்மாவுக்கு?"

"காரணம் நம்ம கையில இருக்கு அண்ணாச்சி. பயம் அவங்க தலைமாட்டுல இருக்கு."

செலின் கிண்ணத்தைக் கொண்டுபோய் வைத்தாள். அது இன்னொரு முறை டிங் என்றது.

•

செலினின் வகுப்புக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். சாயங்காலம் வருகிறவர்கள் பெரும்பாலும் வேலை விட்டு வீட்டுக்குப் போகிற வழியில் நுழைகிற பெண்கள். மழைக்காலம் தலைக்குமேல் நின்றது. இடம் கிடைக்காவிட்டால் சக்கரங்களுக்குத் தார்ப்பாயைப் போர்த்தி வைக்கலாம். ஆட்களை எதைப் போர்த்தி வைப்பது? ஒருமுறை கலைந்தால் அவர்கள் மறுபடி சேரமாட்டார்கள்.

முக்கியமாக முத்தரசி. ஜவுளிக்கடையில் துண்டு, போர்வைப் பிரிவில் நிற்கிறவள். காலையில் கடை திறந்ததிலிருந்து சாயங்காலம்வரை நிற்க வேண்டும். உட்கார அங்கே ஸ்டூல் கிடையாது. "நான் ஒரு நாள்ல உக்காருற ஒரே இடம் இந்தச் சக்கரம்தான் டீச்சர்," என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

செலின் தனுஷ்கோடியிடம் சொன்னாள்: "நீங்க ஊர் முழுக்கத் தெரிஞ்ச ஆளு. இடம் பாருங்க. இடம் அமைஞ்சா சாயங்கால வகுப்பை நீங்களே நடத்தலாம்."

தனுஷ்கோடிக்கு முகம் மலர்ந்தது.

"எப்படிப்பட்ட இடம் வேணும் டீச்சர்?"

"மண்ணு நடுவுல நிக்கணும்."

அவர் நேராக இரும்புக் கடைக்குப் போய் ஒரு ரசமட்டம் வாங்கினார். தரை மட்டமாக இருந்தால் சக்கரம் மட்டமாக நிற்கும்; சக்கரம் நின்றால் மண் நிற்கும். அதற்குப் பிறகு ரசமட்டம் இல்லாமல் அவர் வெளியே கிளம்பவில்லை.

•

முதலில் பார்த்தது ஒரு படிப்பகத்தின் பின்கூடம். தனுஷ்கோடி தரையில் நான்கு மூலையிலும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"குமிழ் அசையல டீச்சர். பளிங்கு மாதிரி தரை."

செலின் ஒரு சிறிய சக்கரத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். முத்தரசியையும் கூட்டி வந்தாள். செலினின் இடுப்பில் அவள் குழந்தை.

"சக்கரத்தை எதுக்கு இழுத்துட்டு வந்தீங்க? நாந்தான் பாத்துட்டேனே."

"நீங்க தரையப் பாத்தீங்க. நான் மண்ணைப் பாக்கேன்."

முத்தரசி சக்கரத்தின் முன் உட்கார்ந்தாள். மண்ணை உருட்டிச் சக்கரத்தின்மேல் அறைந்தாள். சுற்ற விட்டதும் அது குடிகாரனைப் போல ஆடியது. அந்த ஆட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, மூச்சை அடக்கி, மண் நடுவுக்கு வந்து அசையாமல் நிற்கிறவரைக்கும் விடாமல் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் கை முழுக்கச் சேறு. இரண்டு முழங்காலுக்கும் நடுவே சக்கரம். சரிந்த துப்பட்டாவைக்கூட எடுத்துப் போட முடியாது.

மண் கிட்டத்தட்ட நின்றுவிட்டது.

பின்னால் கதவு திறந்தது. ஒருவர் கேரம் பவுடர் டப்பாவைத் தேடிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். "மன்னிக்கணும், நீங்க பாருங்கம்மா," என்று சொல்லிவிட்டு டப்பாவோடு போனார். மண் ஒரு பக்கமாகத் துள்ளிச் சாய்ந்தது.

"வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் செலின்.

"ஏன்? என்ன குறை?"

அவள் சாய்ந்த மண்ணை எடுத்து உருட்டி வைத்தாள். தனுஷ்கோடி சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே உட்கார்ந்தார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், போனார்கள். அவர் கைக்குள் மண் ஆணி அடித்த மாதிரி நின்றது.

"பாருங்க டீச்சர்."

"உங்களுக்கு நிக்கும்," என்றாள் செலின்.

•

இரண்டாவது இடம் ஒரு பள்ளிக்கூடத்தில் காலியாகக் கிடந்த ஆய்வுக்கூடம். தண்ணீர்க் குழாய் உண்டு. மின்விசிறி உண்டு. தரை கடல் போல மட்டம்.

முத்தரசி உட்கார்ந்தாள். ஜன்னலோரமாகக் காவலாளி நடந்தார். ஏதோ ஒரு மெட்டைச் சீட்டியடித்துக்கொண்டு ஒரு ஜன்னலில் மறைந்து அடுத்த ஜன்னலில் தெரிந்தார். சீட்டி நின்றபோது அவர் எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. முத்தரசி திரும்பிப் பார்த்தாள். மண் போனது. மறுபடி அறைந்தாள். மறுபடி போனது.

"எங் கைதான் சரியில்ல அண்ணாச்சி," என்று அவளே சொன்னாள்.

தனுஷ்கோடிக்குப் பொறுமை போய்விட்டது. கார்த்திகை நெருங்குகிறது. இந்த இடத்தைக் கேட்டு வாங்க அவர் எத்தனை பேரைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார்.

முத்தரசி சிரித்தாள். சிரித்துக்கொண்டே குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள். பையை எடுத்துக்கொண்டு, "வாரேன் டீச்சர்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வகுப்புக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. அவளோடு வருகிற மற்ற பெண்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். ஒருத்திக்கு மாமியார் வந்திருந்தாள், ஒருத்திக்குக் காய்ச்சல்.

காலியான ஷெட்டில் தனுஷ்கோடி மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைந்த மண்ணையே மறுபடி பிசைந்தார்.

"நான் தப்பாவா டீச்சர் சொல்லிட்டேன்? ஊர்ல உள்ள பழமொழிதானே."

செலின் குழந்தைக்குப் பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாய் ஊட்டி முடித்துவிட்டுக் கேட்டாள்:

"அந்தப் பழமொழியில, கூடத்தை யாராவது போய்ப் பாத்தாங்களா அண்ணாச்சி?"

•

மூன்றாவது இடத்தைத் தனுஷ்கோடி யாரிடமும் சொல்லாமல் பேசி முடித்தார். இசக்கியப்பனின் கிடங்கு. கல்யாண வீடுகளுக்கும் கோயில் கொடை விழாக்களுக்கும் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர் இசக்கியப்பன். கிடங்கில் பாதி இடம் அண்டாவும் தாம்பாளமும் நாற்காலியும். மீதிப் பாதி சும்மா கிடந்தது.

"பகல்ல என் ஆட்கள் சாமான் ஏத்துவாங்க. சாயங்காலம் காக்கா குருவி கிடையாது. நீங்க மண்ணை வச்சு என்ன வேணாலும் செய்ங்க. என் அண்டாவுல மட்டும் மண்ணு கரைக்காதீங்க," என்றார் இசக்கியப்பன்.

சக்கரம் வந்தது. பழைய ஷெட்டில் இருந்த கிண்ணங்களும், நேற்றைய சூளையில் வெந்த புதுக் கிண்ணங்களும் வந்தன. செலின் ஓர் அண்டாவுக்குள் போர்வையை மடித்து விரித்துக் குழந்தையை உட்கார வைத்தாள். குழந்தை உள்ளிருந்து அதைத் தட்டித் தட்டிப் பார்த்தது.

"ஆளும் கிடையாது, ஜன்னலும் கிடையாது," என்றார் தனுஷ்கோடி. "இதுலயும் குறை சொல்லுவீங்களா?"

செலின் தரையைப் பார்க்கவில்லை. கதவிடம் போனாள். லாரி நுழைகிற அளவுக்கு உயரமான இரட்டைக் கதவு. வெளிப்பக்கம் நாதாங்கி, வளையம், கைமுட்டி அளவு பூட்டு. அவள் கதவைச் சாத்தி, உள்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கையால் தடவினாள். மரம் மட்டும்தான் இருந்தது.

"டீச்சர், நேராச் சொல்லிருங்க. உங்களுக்கு வேண்டியதுதான் என்ன?"

செலின் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"ஒரு கிண்ணம் போட்டு வைங்க அண்ணாச்சி. பாப்பாவுக்குப் பால் வாங்கிட்டு வந்துடுதேன்."

அவரைச் சக்கரத்தில் உட்கார வைத்தாள். முதுகு கதவுப் பக்கம் இருக்கும்படி வைத்தாள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

தனுஷ்கோடி மண்ணை அறைந்தார். கை நனைத்தார். மாதா கோயிலில் மணி அடித்தது.

கிடங்கு வேலையாள் ஒருவன் உண்டு. கோயில் மணி அடித்ததும் கதவு சாத்தியிருந்தால் நாதாங்கியை இழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவான். உள்ளே பார்க்கமாட்டான். அண்டாக்களை யார் கூப்பிட்டுப் பார்ப்பார்கள்? தனுஷ்கோடிக்குப் பின்னால் இரும்பு விழுந்தது.

"யாருப்பா அது? உள்ள ஆள் இருக்கேன்!"

அவர் குரல் பாத்திரங்களில் எல்லாம் மோதித் திரும்பி வந்தது. வெளியே சைக்கிள் போகிற சத்தம் கேட்டது.

சரி, டீச்சர் வருவார் என்று நினைத்துக்கொண்டார். கையை மறுபடி மண்ணில் வைத்தார். தலைக்குமேல் ஒரே ஒரு பல்பு. அண்டாக்களின் நிழல் சுவரில் நின்றது.

டிங்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. மேல்பூச்சு சுருங்குகிறது. அவருக்குத் தெரியாதா?

டிங். டிங்.

காரணம் தெரிந்திருந்தும் பிடரி மயிர் எழுந்து நின்றது. மண் கைக்குள் லேசாக ஆடியது. அவர் முழங்கையை இன்னும் அழுத்தி ஊன்றினார்.

வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. யாரோ இறங்கினார்கள். ஓர் இருமல். கதவை ஒட்டிக் காலடி. கூப்பிடலாம் என்று வாய் திறந்தவர் கூப்பிடவில்லை. யார் என்று தெரியாது. தான் உள்ளே தனியாக இருப்பதை அந்த ஆளுக்குச் சொல்ல வேண்டுமா? நாதாங்கியை யாரோ தொட்டு ஆட்டிப் பார்த்தார்கள். வெளியே இருக்கிற ஆளால் திறக்க முடியும். உள்ளே இருக்கிற தன்னால் அடைக்க முடியாது.

மண் சாய்ந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

காலடி விலகியது. மோட்டார் சைக்கிள் போனது. அவர் எழுந்து நின்றார். கையில் சேறு. நெடுநேரமா கொஞ்ச நேரமா தெரியவில்லை, நாதாங்கி மறுபடி கிறீச்சிட்டு விலகியது.

கதவு திறந்தது. செலின், இடுப்பில் குழந்தை, கையில் பால் பாக்கெட். எதிரே தனுஷ்கோடி, கல்யாண வீட்டுச் சாம்பார்க் கரண்டியை இரண்டு கையாலும் ஓங்கிப் பிடித்திருந்தார்.

குழந்தை சிரித்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். பால் பாக்கெட்டை வாங்கினார். அதில் குளிர்ச்சியே இல்லை. கடையில் வாங்கி வெகுநேரம் ஆகியிருந்தது.

"இங்கயேதான் நின்னீங்களா டீச்சர்?"

"வாசல்லதான் நின்னேன். வேலையாள் நாதாங்கி போடும்போதும் தடுக்கல."

"மோட்டார் சைக்கிள்ல வந்தது யாரு?"

"இசக்கியப்பன் அண்ணாச்சி. நாதாங்கி விழுந்திருக்கான்னு பாத்துட்டுப் போனாவ. நான் பேசாம இருக்கச் சொன்னேன்."

செலின் சக்கரத்தைப் பார்த்தாள். மண் ஒரு பக்கமாகச் சரிந்து காய்ந்துகொண்டிருந்தது. தனுஷ்கோடி பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டார்.

•

மறுநாள் அவர் இரும்புக் கடையில் ரசமட்டத்தைக் கொடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் போட்டுக் கொடுத்து, முழங்கை நீளத்துக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கினார். கிடங்குக் கதவின் உள்பக்கத்தில் தானே முடுக்கினார்.

இசக்கியப்பன் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"ஏன்வே, கிடங்குக்கு எதுக்கு உள்தாழ்ப்பாள்? அண்டா எந்திரிச்சு வந்து பூட்டிக்கிடுமா?"

"எந்திரிச்சு வர ஆள் வரும். கோயில் மணிக்கு நாதாங்கியத் தொடக் கூடாதுன்னு உம்ம ஆள்கிட்ட மட்டும் சொல்லி வையும்."

அன்று மத்தியானம் அவர் ஜவுளிக்கடைக்குப் போனார். முத்தரசி அவரைப் பார்த்ததும் ஒரு துண்டை எடுத்து உதறி விரித்தாள்.

"அண்ணாச்சி, துண்டு வேணுமா, பேச்சு வேணுமா? சூப்பர்வைசர் பாக்கான்."

"துண்டு காட்டு. அகலமாக் காட்டு."

அவள் இன்னொன்றை விரித்தாள். அவர் கரையைத் தடவிப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

"கூடம் கோணல்தான் பிள்ளை."

முத்தரசியின் கை நின்றது.

"நான் போய்ப் பாத்துட்டேன்," என்றார் தனுஷ்கோடி. "சாயங்காலம் இசக்கியப்பன் கிடங்குக்கு வந்தா வா. வராட்டியும் உன்மேல குத்தம் இல்ல. இந்தத் துண்டு சாயம் போகுமா?"

"போகாது. துவைச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

•

சாயங்காலம் முத்தரசி வந்தாள். மாமியார் வந்திருக்கிறாள் என்று நின்றவளும், காய்ச்சல் என்று நின்றவளும் அவளோடு வந்தார்கள். செருப்பைக் கழற்றுகிறபோதே மூன்று பேரும் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தார்கள். முத்தரசி புதுத் தாழ்ப்பாளை ஒருமுறை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தாள்.

தனுஷ்கோடி வாசலுக்கு வெளியே நின்றார்.

"உள்ள வாங்க அண்ணாச்சி," என்றாள் செலின். "இன்னைக்கு உங்க வகுப்பு."

அவர் நகரவில்லை.

"நான் எந்தப் பக்கம் நிக்கணும் டீச்சர்?"

செலின் குழந்தையை அண்டாவுக்குள் இறக்கிவிட்டுப் போர்வையைச் சரிசெய்தாள். சக்கரத்தில் உட்கார்ந்திருந்த முத்தரசி திரும்பாமலே குரல் கொடுத்தாள்.

"வாசல்ல நின்னு கொசுவுக்கா அண்ணாச்சி வகுப்பு எடுக்கப் போறீங்க? மண்ணு காயுது. வாங்க."

அவர் உள்ளே வந்தார். இரண்டு கதவையும் சேர்த்துச் சாத்தினார். கோயில் மணி அடித்தது. வெளியே யாரோ பேசிக்கொண்டு போனார்கள். முத்தரசியின் தோள் இறுகியது. அதைப் பார்த்ததும் அவர் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது.

"அண்ணாச்சி."

செலின் அண்டாவின் பக்கத்திலிருந்து எழவில்லை. அவர் கை பாதியில் நின்றது.

"நான் போடலாம்ல டீச்சர்? பயப்படக் கூடாதுன்னுதான் போடுதேன்."

"நீங்க போட்டா அது பூட்டு," என்றாள் செலின். "அவ போட்டாத்தான் தாழ்ப்பாள்."

தனுஷ்கோடி கையை எடுத்துக்கொண்டு, கதவைவிட்டு விலகி, பாத்திரங்களின் பக்கமாகப் போய் நின்றார். முத்தரசி சக்கரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். சேற்றுக் கையோடு தாழ்ப்பாளைப் பிடித்துத் தள்ளினாள். இரும்பு வளையத்துக்குள் போய் உட்கார்ந்தது.